காசு கட்டிக் கஷ்டப்படுவது

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கை இடம் புக்கிட் தீமா குன்று. 163 மீட்டர். தஞ்சோங் பகாரில் நிற்கும் ஓர் அலுவலகக் கட்டடமே அதைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் குன்றின் உச்சிக்குப் போகும் பாதையில் சைக்கிளுக்கு அனுமதியும் கிடையாது. ஆகவே இந்த ஊரிலிருந்து மலைப்பாதை சைக்கிளோட்டத்துக்குத் தயாராகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து சேருமிடம் மவுண்ட் ஃபேபர். சனிக்கிழமை வெளிச்சம் வருவதற்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள். சிவப்புப் பின்விளக்குகள் மினுக்க, ஒரே குன்றின்மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் இருக்கும். மாவரைக்கிற மாதிரிதான். நானும் அதில் ஒருவன்.

அலுவலகத்தில் கேட்பார்கள்: "மலையில சைக்கிள் ஓட்டுறது எவ்வளவு கஷ்டம்?" இதற்கு எங்கள் ஆட்கள் வழக்கமாக இரண்டு எண்களைச் சொல்வார்கள். எத்தனை கிலோமீட்டர் தூரம், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம். தைவானில் ஹுவாலியன் கடற்கரையில் தொடங்கி வூலிங் கணவாயில் முடியும் போட்டி என்றால் 105 கிலோமீட்டர், 3,275 மீட்டர் உயரம். கேட்டவர் புருவத்தை உயர்த்துவார். சொன்னவருக்குத் திருப்தி. ஆனால் அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கையே பார்ப்போம், அது சுலபம். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ உள்ள ஒருவர் 1,000 மீட்டர் மேலே போகப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 785 கிலோ ஜூல். சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. அதனால் காலால் மிதிக்கும் ஒவ்வொரு கிலோ ஜூலுக்கும் உடம்பு சுமார் ஒரு கிலோ கலோரி செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். என்னைப் போன்ற சாதாரண ஆள் மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்கக்கூடிய 150 வாட்டில் மிதித்தால், கூடவே 450 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். பழைய நூறு வாட் குண்டு பல்புகள் நாலைந்தை உடம்புக்குள் எரியவிட்ட மாதிரி. சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றத்தில் வேகம் எட்டு கிலோமீட்டர். காற்றே இல்லை. சிங்கப்பூர்க் காலையில் வியர்வை காய்வதும் இல்லை, முழங்கையிலிருந்து சொட்டி ரோட்டில் விழும்.

சாப்பாடு அடுத்த சிக்கல். 150 வாட் என்றால் மணிக்கு 540 கிலோ கலோரி செலவு. குடல் மணிக்கு ஏற்றுக்கொள்வது 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, அதாவது 240 முதல் 360 கிலோ கலோரி. மிச்சத்தைக் கொழுப்பும் தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரையும் ஈடுகட்டவேண்டும். அந்தச் சர்க்கரை இருப்பு மொத்தமே சுமார் 2,000 கிலோ கலோரிதான். தீர்ந்துபோனால் கால் மட்டுமல்ல, மனமும் சேர்ந்து அணைந்துவிடும். நல்ல ஆட்கள்கூட ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அழுவதைப் பார்த்திருக்கிறேன். பசிப்பதற்கு முன்னால் சாப்பிடு என்று சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, கியர். நூற்றுக்குப் பத்து சாய்வுள்ள ஏற்றத்தில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்று போட்டு நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க ஏறத்தாழ 200 வாட் வேண்டும். பின்னால் 34 பல் சக்கரத்தை மாட்டினால் அதே அறுபது சுற்றுக்கு 165 வாட் போதும். முட்டியைக் காப்பாற்றுவது இந்த 35 வாட்தான். மலைக்குப் போகிறவர்கள் கார்பன் சைக்கிளுக்குச் செலவழிப்பதில் நூறில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண்கள் ஏமாற்றும். என் சைக்கிளில் மாட்டியிருக்கும் கருவி ஃபேபரை ஒருமுறை ஏறினால் சுமார் 75 மீட்டர் காட்டுகிறது. பதினாறு முறை ஏறினால் 1,200 மீட்டர். நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறுவதும் அதே 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், முப்பது கிலோமீட்டருக்குள். 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற பயணத்தில் ஓட்டுகிறவர்கள் ஆக அதிகம் பேசுவது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். 2008-இல் பெங்களூர் சைக்கிள்காரர்கள் தொடங்கியது அது. பொதுவாக டிசம்பரில் எட்டு நாள், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று தொள்ளாயிரம் கிலோமீட்டரை ஒட்டிய தூரம். அதில் எட்டு நாளும் ஓட்டிய நண்பர் ஒருவர் சொன்னார்: "நாலாம் நாள் காலையில ஷூ மாட்டக் குனியிறதுதான்டா ஆகப் பெரிய ஏத்தம்."

நான் அந்த எட்டு நாளை இன்னும் ஓட்டியதில்லை. கல்லட்டியை மட்டும், ஒரு பொங்கல் விடுமுறையில், கோயம்புத்தூர் நண்பர்கள் இருவரோடு ஏறினேன். அதற்கு முந்தைய மாதம் ஃபேபரைப் பதினாறு முறை ஏறி முடித்திருந்ததால் எண்ணளவில் எனக்கு அது புதிதல்ல. ஆனால் கல்லட்டி வேறு சாதி. ஃபேபரில் ஐந்து நிமிடம் ஏறினால் ஒரு நிமிடத்துக்கு மேல் இறக்கம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு திரும்பும், தண்ணீர் குடிக்கலாம், முதுகை நிமிர்த்தலாம். கல்லட்டியில் அது இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. வளைவுக்குள் சாய்வு இன்னும் செங்குத்தாகும், வெளியே வந்தால் குறையும் என்று நம்புவோம், குறையாது. பதினெட்டாவது வளைவில் நான் காலை ஊன்றி நின்றேன். நின்ற பிறகு அந்தச் சாய்வில் மறுபடி ஏறி உட்கார்ந்து பெடலில் கால் மாட்டுவதே ஒரு வித்தை. போதாததற்கு, மேலே போகப்போகக் காற்றும் மெலிகிறது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். சிங்கப்பூர் நுரையீரலுக்கு அது தெரியும்.

மறுபக்கமும் உண்டு. கல்லட்டியில் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கீழே காடு, மேலே ஊட்டி. ஏறுவதைத் தவிர வேறு யோசனை மனத்துக்கு வருவதில்லை. ஃபேபரில் ஒவ்வொரு முறை அடிவாரத்துக்கு வரும்போதும் வீட்டுக்குப் போகும் வழி திறந்தே கிடக்கிறது. பதினாறு முறை ஏறுகிறவன் பதினைந்து முறை வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

இந்த விளையாட்டை ஒரு எல்லைக்குக் கொண்டுபோனதுதான் 'எவரெஸ்டிங்'. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் பேரன், அவர் பெயரும் ஜார்ஜ் மல்லோரிதான், 1994-இல் மெல்பர்னுக்கு அருகே டோனா புவாங் மலையில் திரும்பத் திரும்பச் சைக்கிள் மிதித்து எவரெஸ்டின் உயரத்தைச் சேர்த்தார். 2014-இல் ஆண்டி வான் பெர்கனும் அவருடைய ஹெல்ஸ் 500 குழுவும் அதற்கு விதிகள் எழுதினார்கள். ஒரே குன்று, ஒரே முயற்சி, 8,848 மீட்டர். ஓய்வு எடுக்கலாம், தூங்கக்கூடாது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்கப் பரவியது. ஃபேபரில் என்றால் சுமார் 118 முறை. சுற்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் இருபது மணி நேரம். தூக்கிச் செல்லும் வேலைக்கு மட்டும் கிட்டத்தட்ட 7,000 கிலோ கலோரி, ஒரு ஆளின் மூன்று நாள் சாப்பாடு. இதைச் செய்தவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு காலை ஃபேபரிலிருந்து நேராகத் தேக்காவுக்கு இட்லி சாப்பிடப் போயிருந்தேன். நடந்தால் டக் டக் என்று சத்தம் போடும் காலணி, உடம்போடு ஒட்டிய பச்சைச் சட்டை. எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர், கட்டுமான வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி எந்தக் கம்பெனி டெலிவரி?"

"டெலிவரி இல்லண்ணே. சும்மா ஓட்டுறது. மலையேத்தப் போட்டிக்கு."

"போட்டியில ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க?"

"தர மாட்டாங்க. நாமதான் கட்டணும்."

தொகையைச் சொன்னேன். விமான டிக்கெட் தனி என்றும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "காசு கட்டிக் கஷ்டப்படுவீங்களா?"

கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவருக்கு ஊர் கொல்லிமலை அடிவாரம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை. சின்ன வயதில் அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவார்களாம், ஓட்டிக்கொண்டு அல்ல. திரும்பும்போது பலாப்பழமோ வாழைத்தாரோ பின்னால் கட்டி இறங்குவார்கள். "ஏறுறது கஷ்டமே இல்ல தம்பி, நேரம்தான் போவும். எறங்குறதுதான். பிரேக் கட்டை தேஞ்சிரும். மரக்கிளைய வெட்டி பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டே வருவோம்."

அந்த மரக்கிளை நல்ல பொறியியல். 80 கிலோ 1,000 மீட்டர் இறங்கும்போது அதே 785 கிலோ ஜூலும் எங்காவது போயாகவேண்டும். இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. வேகமாக இறங்கினால் காற்று பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பயந்து மெதுவாக இறங்கினால் எல்லாம் பிரேக்குக்கு. சக்கர விளிம்பு சுட்டு டியூப் வெடிப்பதும் உண்டு. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் கீழிறங்கத் தடை போட்டதும் இறக்கத்தில் நடந்த விபத்துகளால்தான். பலாப்பழச் சுமையோடு கிளையை இழுத்து இறங்கியவர் சூட்டை ரோட்டுக்குக் கொடுத்திருக்கிறார். எந்தப் போட்டியின் கையேட்டிலும் ஏற்றத்துக்கு இருக்கும் பக்கங்கள் இறக்கத்துக்கு இருப்பதில்லை.

கல்லட்டியைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். முப்பத்தாறு வளைவு என்றதும் கேட்டார்:

"நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்குண்ணே."

"அப்பச் சரி. எங்க மலையிலயும் போட்டிருக்கு. எத்தன மிச்சம்னு தெரிஞ்சா கால் தானா வரும்."

பிறகு அவராகவே ஊரில் வீடு பாதியில் நிற்பதைப் பற்றியும், இரண்டு வருடத்தில் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்து இது பதினோராவது வருடம் என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். தடுத்தும் கேட்கவில்லை.

அவருடைய கஷ்டத்தோடு ஒப்பிட்டு என்னுடையதைக் கஷ்டமே இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பதினெட்டாவது வளைவில் என் தொடை இழுத்துப் பிடித்தது பொய்யில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதில் ஏதோ சரியில்லை என்று அன்றிலிருந்து தோன்றுகிறது. சைக்கிள் பயணங்களில் கூட்டத்துக்குக் கடைசியாக ஒரு வண்டி வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வதற்காக. அதில் ஏறுவது அவமானம் என்று நாங்கள் நினைப்போம், ஏறாமல் முடிப்பதைப் பெருமையாகச் சொல்வோம். அந்த வண்டி பின்னால் வருகிறது என்பதால்தான் எங்களால் அவ்வளவு தூரம் தைரியமாகப் போக முடிகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எத்தனை வளைவு மிச்சம் என்று தெரியும். எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று தெரியும். முடியாவிட்டால் கையைக் காட்டலாம். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் நாங்கள் காசு கட்டுகிறோம்.

அப்படியானால் எதற்குப் போவது? ஃபேபரின் அடிவாரத்தில் பதினைந்து முறை வேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்ததே, அதற்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வேலையை விடாமல் செய்து பார்க்கும் வாய்ப்பு அன்றாடத்தில் அதிகம் கிடைப்பதில்லை. அலுவலக வேலையை விட்டால் சம்பளம் போகும், ஆகவே விடுவதில்லை. அதில் என் குணம் என்ன என்று தெரிய வழியில்லை. குன்றில் கொஞ்சம் தெரிகிறது. அதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரும் டிசம்பருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பணமும் கட்டியாயிற்று. பின்சக்கரத்தில் 34 பல் மாட்டியிருக்கிறேன், பிரேக் கட்டை புதிது. அலுவலகத்தில் யாராவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டால் கிலோமீட்டரும் மீட்டரும் சொல்வதில்லை. "கல்லட்டியில முப்பத்தாறு வளைவு. எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்காங்க" என்கிறேன். கேட்பவர்களுக்கு அது பதிலாகத் தெரிவதில்லை, ஏற்றம் மொத்தம் எத்தனை மீட்டர் என்று திரும்பக் கேட்கிறார்கள்.