புகையாத சூடு

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரைக் காணும்பொருட்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு நாள் மாலை, நீண்ட சரக்குப் புகையிரதமொன்று கடந்து செல்லும்வரை கடவையிற் காத்து நிற்க நேர்ந்தது. பெட்டிகளை எண்ணிச் சலித்த எமது கண்கள் சக்கரங்களிற் படிந்தன. ஒவ்வோர் அச்சின் முனையிலும் வட்டமான மூடியொன்று. அதில் மூன்று புரியாணித் தலைகள். அச்சோடு மூடியும் சுழல, அம்மூன்றும் ஒரு வளையமாகத் தோன்றின. வேகம் தணிந்தபோது மீண்டும் மூன்றாயின. அவ்வழகில் நாம் நேரத்தையும் மறந்தோம்.

அம்மூடிக்குள் இருப்பது உருளைப் போதிகை. பேச்சு வழக்கிற் 'பெயாரிங்' என்போம். சற்றே கூம்பிய உருக்கு உருளைகள் கிறீசிடையே உருண்டு பாரத்தைத் தாங்குகின்றன. முற்காலப் பெட்டிகளின் தோற்றம் வேறு. அச்சு முனையை ஓர் இரும்புப் பெட்டகம் மூடியிருக்கும். உள்ளே அச்சின்மேல் உலோகத் துண்டொன்று அமர்ந்திருக்க, கீழே எண்ணெய் ஊறிய நூற்கழிவு திணிக்கப்பட்டிருக்கும். வண்டி எவ்வளவு விரைந்தாலும் வெளியே எதுவும் சுழலாது. ஆனால் எண்ணெய் வற்றிவிட்டால் அது வாளாவிராது. புகையும், நாறும், தீயும் பற்றும். வண்டியின் கடைசிப் பெட்டியில் இருந்த ஊழியர் அப்புகையைத் தேடியே வழியெல்லாம் நோக்கிச் செல்வர்.

உருளைப் போதிகையின் பெருமையை உலகுக்குக் காட்ட, ரிம்கன் நிறுவனம் 1930 இல் 1111 என்ற இலக்கமுடைய நீராவி இயந்திரமொன்றைச் செய்வித்தது. அத்துணைப் பெரிய இயந்திரத்தைப் பெண்கள் சிலர் கயிறு கொண்டு இழுத்துக் காட்டினர். சரக்குப் பெட்டிகளுக்கு அது பரவப் பல ஆண்டுகள் சென்றன. பழைய பெட்டகங்கள் 1990 களிலேயே பொதுப் போக்குவரத்திலிருந்து முற்றாக விலகின. விபத்துக்களும் பெரிதுங் குறைந்தன. அந்நன்மையை மறுப்பார் இலர்.

ஆயினும் 2023 பெப்ரவரி 3 ஆந் திகதி, நாம் வியந்து நின்ற அதே மாநிலத்தின் ஈஸ்ற் பலஸ்தீன் என்னுஞ் சிற்றூரில், ஒரு போதிகை சூடேறிச் சிதைந்து 38 பெட்டிகள் தடம்புரண்டன. நச்சுப் பொருள்கள் தீப்பற்ற, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பாதையோரக் கருவியொன்று முன்னரே, சூழலினும் 103 பாகை பரனைற்று மிகுதி எனக் காட்டியது. வண்டியை நிறுத்த அது போதவில்லை. அடுத்த கருவி 253 எனக் காட்டியபோது காலங் கடந்துவிட்டது. போதிகையின் உண்மைச் சூட்டைக் கருவி காட்டவில்லை என்பது பின்னர் விசாரணையிற் புலனாயிற்று.

அச்செய்தியைப் படித்தபோது எமக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். குறும்பு செய்வோரை நாடோறும் கவனித்த நாம், ஒழுங்காக வந்து ஓசையின்றி இருந்த அவனை ஒருநாளும் அழைத்து விசாரித்ததில்லை. தேர்ச்சி அறிக்கையில் 'நன்று' என்று எழுதினோம். அடுத்த தவணை அவன் வரவில்லை. வீட்டில் அவன் பட்ட துயரம் பிறர் சொல்லியே எமக்குத் தெரிந்தது.

பழைய பெட்டகம் தன் இயக்கத்தை மறைத்தது, நோயை மறைக்கவில்லை. புதிய மூடியோ இயக்கத்தை எல்லோருக்குங் காட்டுகிறது. நோயை உள்ளே வைத்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் வகுப்பிற் புகைபவனை விட்டு, அமைதியாகச் சுழல்பவன் பக்கத்திற் சிறிது நேரம் நின்று வருகிறோம்.