கடைமடைக்கு சைபர்

பைத்தான் கற்கத் தொடங்குபவர்களுக்குத் தரும் அரே கணக்குகளில் ஒன்று: இருப்பு இவ்வளவு, கேட்பவர்கள் இத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கிடைக்கும்? வழக்கமாக இதில் மிட்டாயும் குழந்தைகளும் வருவார்கள். திருநெல்வேலியில் முதலாண்டு இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகளுக்கு நான் தாமிரபரணியை வைத்துச் சொன்னேன்.

ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பைத்தான் 0-வில் இருந்து எண்ணுவதால் கோடைமேலழகியான் 0, ஸ்ரீவைகுண்டம் 7. கடைசியில் இருப்பதால் -1 என்றாலும் ஸ்ரீவைகுண்டம்தான். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எண்கள் என் கற்பனை:

தேவை = [3, 2, 4, 3, 2, 3, 4, 5]
நீர் = 20

ஒரே லூப். தேவை, மிச்ச நீர் இரண்டில் எது குறைவோ அதைக் கொடு. கொடுத்ததை மிச்சத்தில் கழி. எழுதி ரன் பண்ணினாள். வந்த விடை:

[3, 2, 4, 3, 2, 3, 3, 0]

"ஸ்ரீவைகுண்டத்துக்கு சைபரா மாமா?"

"லூப் சரியாத்தான்ளா இருக்கு."

"லூப் சரி. எங்க வயல் அங்கல்லா கெடக்கு?"

அவள் அப்பாவின் வயல் ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைமடையில் இருக்கிறது. அந்த அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. எட்டில் இளையது, கடைசியும் அதுதான். நிஜ ஆறு இவ்வளவு எளிமையானதல்ல. மேல்வயல்களின் வடிநீரில் கொஞ்சம் மறுபடி ஆற்றுக்கே வரும். ஆனாலும் அவள் கேட்டது நியாயம். இந்த லூப்பில் யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. 0-வில் நிற்கும்போது 7-இல் ஒருவர் இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தெரிய வேண்டுமென்றால் அரேயை இரண்டு முறை கடக்க வேண்டும். முதல் முறை யாருக்கும் எதுவும் கொடுக்காமல் எல்லாருடைய தேவையையும் கூட்டு: 26. இரண்டாம் முறை ஒவ்வொரு தேவையையும் 20-ஆல் பெருக்கி 26-ஆல் வகு. ஸ்ரீவைகுண்டத்துக்கு 3.8 வந்தது. கோடைமேலழகியானுக்கு 3 போய் 2.3 ஆனது. எல்லாருக்கும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்.

அவளுக்குத் திருப்தி. விடையைப் பார்த்த அத்தான் சிரித்தார்.

"முக்கால் தண்ணியில நெல்லு வெளையாது மாப்ள. எல்லாருக்கும் சேத்துக் கருகும். இதையே நாத்து பாவுறதுக்கு முந்தி சொன்னா, ஆளாளுக்கு முக்கால் வயல் மட்டும் நட்டுக்கிடலாம்."

நாங்கள் ஷட்டரைத் திறக்கும் நேரத்துக்கு எழுதிய கணக்கு அது. அத்தான் சொன்னபடி பார்த்தால், அந்த முதல் லூப் ஓட வேண்டியது அதற்கும் ஒரு பருவம் முன்னால்.