சர்க்கரையை விடச் சொல்லும் நிபுணர்களும் நம் உடம்பும்

காலையில் கைபேசியைத் திறந்தால் யாரோ ஒரு நிபுணர் நம்மோடு பேச வந்துவிடுகிறார். முப்பது நாள் சர்க்கரையை விட்டுப் பாருங்கள், முகம் பொலியும் என்கிறார். கண்ணாடி முன் நின்று உங்கள் உடலுக்கு நன்றி சொல்லுங்கள் என்கிறார். மகிழ்ச்சி உங்களுக்குள்தான் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார். நான் களப்பணி செய்யும் பகுதியில் இந்த வீடியோக்களைப் பார்க்காத கல்லூரி மாணவிகள் குறைவு. அவர்களுடைய அம்மாக்களும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்கள்: "இதெல்லாம் உண்மையாம்மா?"

"அது மேட்டுக்குடிப் பேச்சு, விடுங்க" என்று சொல்லிக் கடந்துபோவது நம் தோழர்கள் பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சர்க்கரை நோயால் கால் விரலை எடுத்தவர்கள் இல்லாத தெரு நம் குடியிருப்புகளில் இல்லை. ஐசிஎம்ஆர் நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. அந்தப் பத்துக் கோடியில் நம் அம்மாக்களும் அப்பாக்களும் இருக்கிறார்கள். ஆகவே நிபுணர் சொல்வதில் எது உண்மை, எதை அவர் சொல்லாமல் விடுகிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சர்க்கரை. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். டீக்கடைக் கிளாஸில் இரண்டு ஸ்பூன் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு டீயிலேயே பத்து ஸ்பூன் ஆகிவிடுகிறது. நிபுணர் சொல்லும் இந்தக் கணக்கு சரிதான்.

ஆனால் அந்த ஐந்து டீயை ஏன் குடிக்கிறார்கள்? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஓர் அக்காவிடம் "டீயைக் குறைங்கக்கா" என்று சொன்னபோது அவர் சொன்ன பதிலை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வேன். "அஞ்சு மணிக்கு வண்டி தள்ளப் போறேன். பத்து மணிக்கு மேலதான் வாய்ல சோறு. நடுவுல அந்த டீ இல்லன்னா கை நடுங்குதும்மா. நாத்தத்துல வேற எதுவும் உள்ள எறங்காது." அவர் தண்ணீர்கூட அதிகம் குடிப்பதில்லை. வேலை செய்யும் தெருக்களில் அவர் போவதற்குக் கழிப்பறை கிடையாது. காலைச் சாப்பாடு, தண்ணீர், ஓய்வு என்ற மூன்றின் இடத்திலும் அவருக்கு ஒரு கிளாஸ் டீதான் நிற்கிறது.

நிபுணர்கள் இதைச் 'சர்க்கரை ஏக்கம்' என்கிறார்கள். மன உறுதி இருந்தால் வென்றுவிடலாம் என்கிறார்கள். உடம்பின் கணக்கு வேறு. நீண்ட நேரம் காலியாக இருந்த வயிற்றில் சர்க்கரை இறங்கினால், ரத்தத்தில் குளுக்கோஸ் சட்டென்று ஏறும். இன்சுலின் சுரந்து அதை இறக்கும். சிறிது நேரத்தில் சோர்வும் பசியும் திரும்பி வரும். உடம்பு மறுபடியும் இனிப்பைக் கேட்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டு வேலையும் முடித்து, இரவு பதினொன்றுக்குப் படுப்பவரின் உடம்பு இனிப்பைத் தேடுவதற்கு அவருடைய மன உறுதியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கையில் கிடைக்கும் உணவையும் பாருங்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சர்க்கரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். முட்டை, பயறு, பழம் எல்லாம் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டுமென்றால் அது மாவுச்சத்தாகவும் இனிப்பாகவும்தான் இருக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. ரத்தசோகையால் வரும் சோர்வுக்கும் டீயைத்தான் குடிக்கிறோம். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் முதல் வருடத்திலேயே சி. ரைட் மில்ஸைப் படித்திருப்பீர்கள். தனிமனிதத் தொல்லை எது, பொதுப் பிரச்சினை எது என்று பிரிக்க அவர் 1959இல் கற்றுக்கொடுத்தார். ஊரில் ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய திறமையைப் பார்க்கலாம். லட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லையென்றால் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஐந்து டீ குடித்தால் அவர் பழக்கம் என்று சொல்லலாம். ஒரு வார்டின் தூய்மைப் பணியாளர்கள் முழுக்க ஐந்து டீயில் ஓடுகிறார்கள் என்றால் பணி நேரத்தையும் கூலியையும் பற்றித்தான் பேச வேண்டும்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதையும் எந்த வீடியோவும் சொல்வதில்லை. நம் மாநிலத்தில் கரும்பு வெட்டும் வேலைக்கு முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகிப்போன இருளர், தலித் குடும்பங்களை மீட்ட கதைகள் நமக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் கர்ப்பப்பையை எடுத்திருந்த செய்தி 2019இல் நாட்டையே அதிரவைத்தது. அரசு அமைத்த குழுவின் ஆய்வில் சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தது தெரியவந்தது. மாதவிடாய்க்கு ஒரு நாள் லீவு போட்டாலும் கூலி பிடிக்கப்படும் வேலை அது. சர்க்கரை உடம்புக்குக் கேடு என்று பேசும்போது எந்த உடம்புக்கு முதலில் கேடு வந்தது என்றும் பேச வேண்டும்.

அடுத்தது உடல் தோற்றம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தங்கை, இருபத்தோரு நாள் இனிப்பை விடுகிறேன் என்று தொடங்கி, பிறகு இரவுச் சோற்றையும் விட்டு, பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "கறுப்பா, குண்டா இருக்கேன்க்கா. பாத்தாலே தெரியுதுன்னு கிளாஸ்ல சொல்றாங்க" என்றாள். பார்த்தாலே என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. நம்மில் யாருக்கும் அந்தக் கேள்வி தேவைப்படாது. கொஞ்சம் நிறமாக, கொஞ்சம் நல்ல உடையோடு இருப்பவர்களிடம் இதே ஆட்கள் "உன்னைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்பார்கள், அதைப் பாராட்டாக நினைத்துக்கொண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பக்கங்கள்.

கண்ணாடியில் தெரியும் உடம்பை நேசி என்று நிபுணர் இவளுக்குச் சொல்கிறார். அவள் அந்தக் கண்ணாடியில் காண்பது தன் முகத்தை மட்டுமா? நம் உடம்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானித்த ஊர் இது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்ததை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அதற்கு முன்பே தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரசு இறங்கிவந்தபோதும், ஆதிக்கச் சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது.

அந்தத் தடைகள் போன பிறகு சந்தை வந்தது. சிவப்பழகு கிரீம் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியாவில் அறிமுகமானது. கறுப்பாக இருப்பதால் வேலையும் வரனும் கிடைக்காமல் போகிறது என்று காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு 2014இல்தான் விதி கொண்டுவந்தது. 2020இல் அந்தக் கிரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. பெயர் மாறிய பிறகும் வரன் தேடும் விளம்பரங்களில் நிறமும் சாதியும் பக்கத்துப் பக்கத்து வரிகளில்தான் இருக்கின்றன. இந்த வரலாறு தெரிந்தால், அந்தத் தங்கைக்குத் தன் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதைத் தனக்குள் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

மூன்றாவது மகிழ்ச்சி. 2005இல் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில், மனிதர்களின் மகிழ்ச்சி வேறுபாட்டில் ஏறத்தாழ 50 சதவீதம் மரபணு, 10 சதவீதம் வாழ்க்கைச் சூழல், 40 சதவீதம் நாம் செய்யும் செயல்கள் என்று ஒரு வட்டப்படம் போட்டார்கள். சுயமுன்னேற்ற உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. சூழல் வெறும் பத்து சதவீதம்தானே, மீதியை நீ பார்த்துக்கொள் என்றது. மக்களுக்கிடையே இருக்கும் சராசரி வேறுபாட்டைப் பற்றிய மதிப்பீடு அது. ஒரு தனிமனிதரின் வாழ்க்கையில் பத்து சதவீதம்தான் சூழல் என்று அதற்குப் பொருள் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் மக்களிடம் போய்ச் சூழல் பத்து சதவீதம் என்று யாராவது சொல்ல முடியுமா?

பாபாசாகேப் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தவர். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கான முன்னுரையில், நான்கு உண்மைகள் என்று சொல்லப்படுபவை புத்தரின் மூலப் போதனைதானா என்று அவர் கேட்கிறார். வாழ்வு, பிறப்பு, இறப்பு எல்லாமே துக்கம் என்றால் மனிதருக்கு நம்பிக்கை எங்கே என்பது அவர் கவலை. மனிதர் மனிதருக்குச் செய்யும் அநீதியால் வரும் துக்கத்தை அடையாளம் கண்டு நீக்குவதையே அவர் தம்மமாகப் படித்தார். மகிழ்ச்சியைப் பற்றிய நம் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் இளைய தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்பேத்கர் நீரிழிவு நோயாளி. கால்களில் நரம்பு வலியோடு, தூங்க முடியாத இரவுகளோடு, அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக வேலை செய்தார். 1948 ஏப்ரலில் அவர் மணந்துகொண்ட டாக்டர் சாரதா கபீர், பின்னாளில் சவிதா அம்பேத்கர், அவருடைய மருந்தையும் உணவையும் கவனித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவியவர், டிசம்பர் 6 அன்று 65 வயதில் உறக்கத்திலேயே இறந்துபோனார். இன்னும் பத்து ஆண்டுகள் அவர் இருந்திருந்தால் என்று நினைக்காத அம்பேத்கரியர் உண்டா?

அவர் உடம்பைப் பற்றி நினைத்து வருந்தும் நாம், நம் உடம்பை எப்படி வைத்திருக்கிறோம்? ஆர்ப்பாட்டத்தன்று காலையில் டீயும் பன்னும், மதியம் டீயும் பிஸ்கட்டும், இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. இதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்கிறோம். நாற்பது வயதில் மாரடைப்பில் போன தோழர்களுக்கு இரங்கல் கூட்டமும் நடத்துகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பார்த்த அவர்தான் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார். உடம்பைப் பேணுவது அரசியலுக்கு வெளியே இருக்கும் வேலை என்று நம் மரபு ஒருபோதும் சொன்னதில்லை.

ஆகவே நம் படிப்பு வட்டங்களில் சிலவற்றைத் தொடங்கலாம். வெறும் வயிற்றில் கூட்டத்துக்கு வராதீர்கள். கூட்டத்துக்குக் காசு திரட்டும்போது பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலுக்கும் அவித்த முட்டைக்கும் திரட்டுங்கள். டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். சாத்விக உணவுதான் சுத்தம் என்று சொல்பவரிடம் ஏமாறாதீர்கள். மாட்டுக்கறியும் ஈரலும் கருவாடும் புரதம் நிறைந்த உணவுகள், முதல் இரண்டும் நல்ல இரும்புச்சத்தும் கொண்டவை. நம் பாட்டிகள் அவற்றைச் சமைக்கத் தெரிந்தவர்கள்.

வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வீடியோவைப் பார்த்து உணவையோ மருந்தையோ மாற்ற வேண்டாம், மருத்துவரைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் ஊழியர் வரும் நேரத்தில் நம் அம்மாக்கள் வேலையில் இருக்கிறார்கள். பணியிடத்துக்கே வந்து பரிசோதிக்கச் சொல்லி மனு கொடுங்கள். அதே மனுவில் தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி தொடங்கும் முன் காலை உணவும், ஒவ்வொரு வார்டிலும் பெண்களுக்குக் கழிப்பறையும் கேளுங்கள். மனுவை எழுதத் தெரிந்த மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட நம் தெருவே இருக்கிறது.

ஜெய்பீம்.