மருந்தின் விலை

எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே, அதன் மைந்தருள் வைத்தியராயினோர் இத்துணையர், பொறியியலாளராயினோர் இத்துணையர், சட்டத்தரணிகளாயினோர் இத்துணையர் என எண்ணி மகிழ்தல் நம்மவர் வழக்கம். அத்தகைய பட்டியலொன்று ஒப்புநோக்கும்பொருட்டு அண்மையில் என் கைக்கு வந்தது. அதிலே ஒரு பெயரைத் தேடினேன், காணவில்லை. அப்பெயருக்குரியவன் வைத்தியனும் அல்லன், பொறியியலாளனும் அல்லன். அவனை எத்தலைப்பின்கீழ்ச் சேர்ப்பது என்று எண்ணமிட்டபோது, அவனுக்கு நான் தீர்க்கவேண்டிய பழைய கடனொன்று நினைவுக்கு வந்தது. அதனை இம்மலரிலேயே தீர்க்க விழைகின்றேன்.

2004ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பயிற்சியை முடித்து, கற்ற கல்லூரிக்கே தமிழாசிரியனாக வந்த புதிது. பத்தாம் வகுப்பிலே திருக்குறளின் மருந்து அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் நின்று பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்காக வகுத்து வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். பரிமேலழகரோ அந்நான்கினுள் ஒவ்வொன்றற்கும் நான்கு தகுதிகளை எடுத்துரைக்கின்றார். நோயாளிக்குரியவற்றுள் முதலாவது பொருளுடையனாதல். மருந்துக்குரியவற்றுள் ஒன்று எளிதிற் பெறப்படுதல்.

வரிசையை நான் கரும்பலகையில் எழுதி முடித்ததும் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், பொருளில்லாதவன் நோயாளியாக இருப்பதற்கும் தகுதியில்லாதவனா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். "பரீட்சையில் நான்கையும் வரிசை பிறழாது எழுதினாற் போதும், தம்பி, இரும்" என்றேன். அவன் இருந்துவிட்டான். என் விடையின் வறுமை அன்று எனக்குப் புலப்படவில்லை.

பின்னர் உயர்தரத்திலே அவன் உயிரியற் பிரிவிற் படித்தான். மருத்துவபீடம் புகுவதற்குச் சில புள்ளிகள் போதாமற் போயின. மறுமுறை அதே பாடங்களை எழுதும்படி வீட்டார் வற்புறுத்த, அவன் மறுத்துப் பொருளியலை எடுத்துத் தோற்றிப் பல்கலைக்கழகம் சென்றான். அவனுக்குப் புத்தி சொல்லும்படி தகப்பனார் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டார். கோயில் வீதியிலே அவனைக் கண்ட நான், "உயிரைக் காக்கும் தொழிலைக் கைவிட்டுக் காசை எண்ணும் தொழிலுக்கா போகின்றீர்?" என்றேன். ஆசிரியன் வாயிற் பிறக்கத் தகாத சொல் அது. அவன் மறுமொழி கூறாது, தலைகுனிந்து விடைபெற்றான்.

ஆண்டுகள் கழிந்தன. 2022ஆம் ஆண்டு நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றி, மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தை எவரும் மறந்திரார். என் தாயாருக்கு வழமையாக இலவசமாகக் கிடைத்துவந்த நீரிழிவு மருந்து வைத்தியசாலையில் இல்லை. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தந்தனர். அத்துண்டைக் கையிற் பிடித்துக்கொண்டு மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறியிறங்கினேன். ஒரு கடையில் மருந்து இருந்தது. என் சட்டைப்பையில் இருந்த பணமோ அதன் விலைக்குப் பாதியுங் காணாது. அவ்விடத்திலே நின்றபோதுதான் கடைசி வாங்கிலிருந்து எழுந்த வினா எனக்கு விளங்கிற்று.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த அம்மாணவன் என் இல்லம் தேடி வந்தான். வெளிநாட்டு மருத்துவ அறநிறுவனமொன்றிலே சுகாதாரக் கொள்கைப் பொருளியலாளனாகப் பணிபுரிவதாகக் கூறினான். "நோயாளருக்கு வைத்தியர் வேண்டும், தாதியர் வேண்டும், பொருளியலாளர் எதற்கு?" என்று கேட்டேன். இம்முறை சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, அறிவதற்காகவே கேட்டேன்.

அவன் கூறியதன் சாரம் இது. எல்லைகளற்ற வைத்தியர்கள் என்னும் அமைப்பு 1971இல் பரிஸ் நகரில் தொடங்கப்பெற்றது. போர்க்காலத்திலே பருத்தித்துறை வைத்தியசாலையில் அவ்வமைப்பினர் ஆற்றிய சேவையை வடமராட்சி மக்கள் அறிவர். 1999இல் அதற்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், மருந்துகள் ஏழைகளுக்குங் கிட்டவேண்டும் என்ற இயக்கத்தையும் அது தொடங்கிற்று. காரணம் எளிது. ஆபிரிக்காவிலே எயிட்ஸ் நோயாளர்முன் நின்ற அதன் வைத்தியர்கள், நோயை அடக்கும் மருந்து உலகில் உண்டென்பதை அறிந்திருந்தனர். ஆயின் 2000ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஓராண்டுக்கு அம்மருந்தின் விலை 10,000 டொலருக்கு மேல். வைத்தியர் இருந்தார், நோயாளி இருந்தார், மருந்தும் இருந்தது. இடையிலே விலை நின்றது.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கன்றி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. ஆதலின் அங்குள்ள மருந்தாலைகள் அம்மருந்துகளை வேறு முறையாற் செய்யக்கூடியனவாயின. 2001ஆம் ஆண்டு பெப்ருவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், அவற்றை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. அஃதாவது நாளொன்றுக்கு ஒரு டொலரிலுங் குறைவு. போட்டி பெருகப் பெருக விலை மேலும் இறங்கிற்று. 2023இல், அந்நோய்க்கு இப்போது முதலாவதாக வழங்கப்பெறும் கூட்டு மாத்திரை, ஓராண்டுக்கு 45 டொலரிலுங் குறைந்த விலைக்கு ஏழை நாடுகளுக்குக் கிடைக்கலாயிற்று.

"இதிலே உம்முடைய தொழில் யாது?" என்றேன்.

"விலையை உடைத்துப் பார்ப்பதுதான், சேர்" என்றான். மூலப்பொருள் ஒரு கிலோ என்ன விலைக்கு ஏற்றுமதியாகின்றது என்பதைச் சுங்கப் பதிவுகளிலே தேடுவான். ஒரு மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் எனக் கணிப்பான். மாத்திரையாக்கும் செலவு, போத்தல், வரி, நியாயமான இலாபம் என ஒவ்வொன்றாகக் கூட்டுவான். வரும் தொகையையும் விற்கும் விலையையும் அருகருகே வைப்பான். "இடைவெளியைக் கண்ணாற் கண்டால் அமைச்சரும் கேள்வி கேட்பார், சேர். காணாதவரையில் மருந்து விலையுயர்ந்ததுதான் என்றே எல்லோரும் இருந்துவிடுவர்" என்றான்.

பழைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு முன்னர் இட்ட ஊசிமருந்து பலரின் செவிப்புலனைப் பறித்தது. அதற்குப் பதிலாக வந்த பெடாக்குயிலின் என்னும் மாத்திரை, 2020இல் ஆறு மாதச் சிகிச்சைக்கு 340 டொலர். அதன் காப்புரிமைக் காலத்தை நீட்டக்கூடிய விண்ணப்பமொன்றை எதிர்த்து, அந்நோயிலிருந்து மீண்டும் செவிப்புலனை இழந்த பெண்கள் இருவர், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாபிரிக்கர், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் வழக்காடினர். 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அம்மருந்தின் விலை 130 டொலராக இறங்கிற்று. தம் காதுகளை மீட்க இயலாத இருவர் பிறர் காதுகளைக் காத்தனர் என்று அவன் கூறியபோது என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

ஆயினும் அவன் தன் தொழிலைப் புகழ்ந்து பேசினானல்லன். "அறநிறுவனத்தின் பணமும் அளவுள்ளதுதான், சேர். இந்தத் தொகைக்கு எந்த ஊரில், எந்த நோய்க்கு முதலிற் செலவிட்டால் மிகுதியானோர் பிழைப்பர் என்று நான் எழுதிக் கொடுக்கவேண்டும். ஓர் ஊரின் பெயரை எழுதும்போது இன்னோர் ஊரின் பெயரை எழுதாமல் விடுகின்றேன். எழுதாமல் விட்ட ஊரின் முகங்களை நான் காண்பதில்லை. அதுவே பெரும் பாரம்" என்றான். காசை எண்ணும் தொழில் என்று நான் அன்று இகழ்ந்த தொழிலின் உள்ளே இத்துணை நோவு உண்டென்பதை அறிந்து நாணினேன்.

எங்கள் நாட்டுக்கும் இது புதிய நெறியன்று. பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப் பெயரால் வழங்கவும், உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரிக் குறைந்த விலைக்கு வாங்கவும் வழிவகுத்தவர். அதற்கென 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது; அவரே அதன் முதல் தலைவர். 1977இல் கயானாவில் அவர் காலமானார். அவரும் வைத்தியக்கல்வி கற்றவரே. எனினும் அவர் மிகுதியான உயிர்களைக் காத்தது விலைப்பட்டியலைக் கையில் எடுத்தமையால் என்றே கருதுகின்றேன்.

விடைபெறும்போது அம்மாணவன் நின்று, "சேர், நோயாளி பொருளுடையவனாயிருக்கவேண்டும் என்று நீங்கள் எழுதிய வரி எனக்கு இன்னும் நினைவிருக்கின்றது. மருந்து எளிதிற் பெறப்படவேண்டும் என்றும் அதே பலகையில் எழுதினீர்கள். இரண்டாவது நிறைவேறினால் முதலாவது வேண்டியதில்லை. அந்த இரண்டாவது வரிதான் என் தொழில்" என்றான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுரையை நான் கற்பித்து வருகின்றேன். அவ்விரு தகுதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. என் மாணவன் எனக்குக் கற்பித்தான். "அன்று கோயில் வீதியிற் சொன்னதை மறந்துவிடும், தம்பி" என்றேன். "எதை, சேர்?" என்று கேட்டான். மறந்துதான் கேட்டானோ, மறந்தவன்போற் கேட்டானோ, அறியேன்.

மலர்க்குழுவினரின் பட்டியலை ஒப்புநோக்கித் திருப்பி அனுப்பிவிட்டேன். வைத்தியர்கள் என்ற தலைப்பின் அடியிலே அவன் பெயரை என் கையாலேயே எழுதியிருக்கின்றேன். பிழையென்று கருதுவோர் நீக்கிக்கொள்க, நான் திருத்தமாட்டேன்.