நாலு செடியும் வாடகை வீடும்: சில குறிப்புகள்

ரொறன்ரோவில் வாடகை வீடு தேடும் நம் இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "அறைக்குள்ளை ரெண்டு கஞ்சாச் செடி வைச்சால் பிரச்சினை வருமோ?" வாடகை ஒப்பந்தத்தை வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லி நண்பர்கள் என்னிடம் வருவதுண்டு. அப்படி வந்த இடங்களில் பார்த்தது, கேட்டது, படித்தது எல்லாம் கலந்த குறிப்புகள் இவை. "சட்டம் விடுகுதுதானே" என்ற ஒற்றை வரிப் பதில் பலரைச் சிக்கலில் மாட்டியிருக்கிறது.

*

முதலில் சட்டம். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு வீட்டில் நாலு செடிவரை வளர்க்கலாம். விதையோ கன்றோ அனுமதி பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்கவேண்டும்.

நாலு என்பது வீட்டுக்கு. ஆளுக்கு அல்ல. ஒரே பேஸ்மென்ற்றில் மூன்று மாணவர்கள் சேர்ந்து இருந்தாலும் அங்கே நாலு செடிதான். "நாங்கள் மூண்டு பேர், அப்ப பன்னிரண்டு" என்ற கணக்கைச் சட்டம் ஏற்காது. வழக்காகப் பதிவானால், நாலுக்கு மேல் வளர்க்கும் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. நடைமுறையில் அவ்வளவு விதிக்கப்படுவது அரிது. ஆனால் அந்த 14 என்ற எண் வேறொரு இடத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதைக் கீழே எழுதுகிறேன்.

*

மாகாணம் மாறினால் சட்டமும் மாறும். கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மானிற்றோபா நெடுநாள் தடுத்து வைத்திருந்து 2025இல் விட்டது. ஸ்காபுறோவில் இருந்து மொன்றியலுக்குப் படிக்கப் போகும் பிள்ளை தொட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனால், மாகாண எல்லையைத் தாண்டும்போதே சட்டத்தையும் தாண்டிவிடும்.

*

இனி ஒப்பந்தம். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான தனியார் வாடகைகளுக்கு அரசின் பொதுப் படிவத்தில்தான் ஒப்பந்தம் எழுதவேண்டும். அதில் மேலதிக நிபந்தனைகளுக்கு இடம் உண்டு. "கஞ்சா வளர்க்கக் கூடாது" என்ற வரி இருந்தால் அது அங்கேதான் இருக்கும். தனியாக ஒரு தாளில் தட்டச்சு செய்து பின்னால் இணைத்திருப்பார்கள். பலர் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது அந்தத் தாளில்தான்.

அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் இடைநடுவில் தன் விருப்பத்துக்கு அதைச் சேர்க்க முடியாது. அது வாடகைக்கு இருப்பவருக்குச் சாதகம். ஆனால் வரி இல்லை என்பதற்காகச் சுவரைப் பழுதாக்கும் உரிமை வந்துவிடாது. சேதம், மற்றவர்களுக்குத் தொந்தரவு, ஆபத்து ஆகிய மூன்றும் தனித்தனியே வெளியேற்றக் காரணங்கள். செடி சட்டப்படியானதா என்ற கேள்வியைத் தொடாமலே ஒருவரை வெளியேற்றும் வழக்கு நடக்கலாம்.

கொண்டோவில் வாடகைக்கு இருந்தால் மூன்றாவது ஒரு அடுக்கும் உண்டு. உரிமையாளர் சம்மதித்தாலும் கட்டட நிர்வாகத்தின் விதி தடுக்கலாம். 2018இல் சட்டம் வருமுன்னரே பல கொண்டோக்கள் அவசரமாகக் கூடி அப்படியான விதிகளை எழுதிவிட்டன.

*

ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் சேதத்துக்கென்று முற்பணம் வாங்க முடியாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம், அதையும் வாடகைக்குத்தான் கழிக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவரைக் காக்கும் நல்ல விதி இது. ஆனால் வீட்டுக்காரரின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இதில் காணலாம். சுவர் பழுதானால் கையில் ஒரு சதமும் இல்லாமல், வாடகை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போய்க் காத்திருக்கவேண்டும். நம்மவர்களில் பலர் இரண்டு வேலை செய்து, மோட்கேஜ் கட்டுவதற்காகவே பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டவர்கள். அவர்களுடைய பதற்றத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

*

ஈரம். இந்த விடயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

செடி குடிக்கும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கை இலை வழியாகக் காற்றில் விட்டுவிடும். நன்கு வளர்ந்து பூக்கும் செடி ஒன்று நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிக்கக்கூடும். நாலு செடி என்றால் ஒரு வாளித் தண்ணீரைத் தினமும் அறையின் காற்றில் ஊற்றுவதற்குச் சமம்.

அறை 25 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 60 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 17 பாகையில் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராக மாறத் தொடங்கும். ஜனவரியில் வெளியே மறை 15, மறை 20. பேஸ்மென்ற் ஜன்னல் கண்ணாடியும், சுவர் நிலத்தைத் தொடும் மூலையும் 17 பாகைக்கு வெகு கீழே இருக்கும். கண்ணாடியில் வடிவதைத் துடைத்துவிடலாம். சுவிட்சுப் பெட்டியின் இடுக்கு வழியாகச் சுவருக்குள் போன ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் பார்த்த ஒரு அறையில் அலுமாரியை நகர்த்தியபோது, அடிப்பலகை உப்பிச் சுவரைவிட்டு விலகி நின்றது. ஆணித் தலைகளில் துரு. பலகையைக் கழற்றியதும் ட்ரைவோலின் கீழ் ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம், விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. நனைந்த பழைய பத்திரிகைக் கட்டின் நாற்றம். ட்ரைவோலின் மேற்பரப்பு காகிதம். பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. முன்பு யாரோ ப்ளீச் போட்டுத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். பெயின்ற்றைத் துளைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளிகள் வெளியே வந்திருந்தன. அந்தச் சுவரை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

*

மேல் வீடும் கீழ் வீடும் ஒரே ஃபேர்னஸில் இயங்குவது ரொறன்ரோவில் சாதாரணம். கீழே உள்ள காற்றை இழுத்துச் சூடாக்கி, குழாய்கள் வழியாக மேலே அனுப்பும். பூஞ்சண வித்துக்களும் வாசமும் அதே வழியில் போகும். மேலே ஆஸ்துமா உள்ள பிள்ளை தூங்கலாம். அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த விடயத்தில் என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். ஆபத்தை ஏற்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்.

*

மின்சாரம். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் 200, 300 வாட்டில் நாலு செடிக்குப் போதும். அவற்றை ஒழுங்காகப் பொருத்தினால் பெரிய ஆபத்து இல்லை. சிக்கல், மலிவாகக் கிடைக்கும் பழைய 1000 வாட் சோடியம் விளக்கில். 120 வோல்ற்றில் அது தனியாக 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். படுக்கையறைச் சுற்றுக்குப் பெரும்பாலும் 15 அம்பியர் பிரேக்கர். மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடும் சுமையை அதில் 12 அம்பியருக்குள் வைத்திருக்கவேண்டும். அதே சுற்றில் 1500 வாட் ஹீற்றர் ஒன்றைப் போட்டால் அது மட்டுமே 12.5. பிரேக்கர் விழுந்தால் அதிர்ஷ்டம். மெல்லிய எக்ஸ்ரென்ஷன் கம்பியில் சுமை போனால், பிரேக்கர் விழாமலே கம்பி சூடேறும். பிளக்கின் ஓரம் பழுப்பு நிறமாகி, பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும்.

பூக்கும் பருவத்தில் 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு. 1000 வாட் விளக்கு மாதம் 360 அலகு எடுக்கும். ஹைட்ரோ (மின்சார) பில் வாடகைக்குள் அடக்கம் என்றால் அதைக் கட்டுவது வீட்டுக்காரர். சண்டை பெரும்பாலும் அந்தப் பில்லில்தான் தொடங்குகிறது.

*

வாசம். கரி வடிகட்டி போட்டால் போய்விடும் என்பார்கள். கரி வேலை செய்யும், ஆனால் காற்றில் ஈரம் ஏற ஏற அதன் பிடிக்கும் சக்தி குறையும். பூ முற்றும் வாரங்களில் வாசமும் உச்சத்தில் இருக்கும், ஈரமும் உச்சத்தில் இருக்கும். தேவையான நேரத்தில்தான் வடிகட்டி கைவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடிக்குக் காரணம் கந்தகம் கலந்த சேர்மங்கள் என்று 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மிகச் சிறு அளவே மூக்குக்குப் போதும்.

*

பியூட்டேன் போன்ற கரைப்பான்களால் செடியிலிருந்து எண்ணெய் எடுப்பது வீட்டில் அறவே கூடாது. சட்டம் தடுத்திருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் ஹீற்றரின் சுடரைத் தொடும். இதில் "கொஞ்சமாக, கவனமாக" என்று ஒன்று இல்லை.

*

14 ஆண்டு என்று மேலே எழுதியதற்கு வருகிறேன். நிரந்தர வதிவுரிமை (பி.ஆர்.) உள்ளவர்களும் மாணவர் விசாவில் உள்ளவர்களும் இதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

கனடாவில் உச்சத் தண்டனை 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றமொன்றில் தண்டிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றம் என்று கொள்ளும். உண்மையில் கிடைத்த தண்டனை வெறும் அபராதமாக இருந்தாலும் கணக்கில் எடுப்பது உச்சத் தண்டனையை. நிரந்தர வதிவாளரும் நாட்டில் இருக்கும் உரிமையை இழக்கலாம். குடியுரிமை உள்ள அறைத்தோழனுக்கு அபராதத்தோடு முடிவது, பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கு நாடு கடத்தலில் முடியலாம். பொலிஸ் கதவைத் தட்டினால் பேசுவதற்கு முன் சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு விரைவாக முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், குடிவரவு தெரிந்த சட்டத்தரணியிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

*

ஒரே ஒப்பந்தத்தில் மூன்று பெயர் என்றால் பெரும்பாலும் மூவரும் சேர்ந்தே பொறுப்பு. வளர்த்தவன் ஒருவன், சுவர் திருத்தும் செலவு மூவருக்கும். ஊரில் இருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு பிள்ளை, அறைத்தோழன் செடி வளர்க்கும் கூடாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு இருந்ததைக் கண்டிருக்கிறேன். கேட்கத்தான் வேண்டும். உங்கள் பெயர் அந்தத் தாளில் இருக்கிறது.

*

ஒரு வீட்டு வாசலில் நடந்த பேச்சு:

"அன்ரி, நாலு செடி சட்டப்படி வைக்கலாம். நீங்கள் இணையத்திலை பாருங்கோ."

"பாத்தனான் தம்பி. சட்டம் உமக்குச் சொல்லியிருக்கு, சரி. நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? காப்புறுதிக்காரன் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

அன்ரி கேட்டது சரியான கேள்வி. வீட்டுக் காப்புறுதியில் கஞ்சா வளர்ப்பால் வரும் சேதத்தை விலக்கி வைக்கும் வரிகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. தெரிவிக்காமல் விட்டதையே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. வாடகைக்கு இருப்பவரின் சொந்தக் காப்புறுதிக்கும் அதே நிலைதான்.

*

மருந்துக்காக வளர்ப்பவர்களின் நிலை வேறு. மருத்துவரின் ஆவணத்தோடு ஹெல்த் கனடாவில் பதிவுசெய்தால் நாலுக்கு மேலும் அனுமதி கிடைக்கும். தீராத வலியோடு இருக்கும் ஒருவரின் தேவைக்கு, இயன்ற அளவு இடம் கொடுக்கும் கடமை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு உண்டு. வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்காமல் அந்தக் கடிதத்தை வாசிக்கவேண்டும். ஆனால் பதிவு உள்ளவர் வீட்டிலும் ஈரம் ஈரம்தான். காற்றை வெளியே தள்ளும் வழியும், மின்தொழிலாளி பார்த்துச் சொன்ன சுற்றும் அங்கேயும் வேண்டும்.

*

வீட்டுக்காரர்களுக்கும் சில. சந்தேகம் வந்தவுடன் பூட்டை மாற்றாதீர்கள், சாமானை வெளியே வைக்காதீர்கள், அது சட்டவிரோதம். உள்ளே பார்க்க 24 மணி நேரம் முன்பு எழுத்தில் அறிவித்து, காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில் போங்கள். படம் எடுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி விலை குறைவு, வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். வெளியேற்ற உத்தரவு தரும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு மட்டுமே.

*

என் நிலைப்பாடு: வாடகை வீட்டில் வளர்க்க வேண்டாம். வேண்டுபவர் உரிமம் பெற்ற கடையில் சட்டப்படி வாங்கலாம். இந்த நகரத்தில் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு கூரை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தேடியவர்களுக்குத் தெரியும். வெளியேற்ற உத்தரவு ஒருமுறை வந்தால் அடுத்த வீட்டுக்காரரும் அதைப் பற்றிக் கேட்பார். ஒரு தொட்டிச் செடிக்காக அந்தக் கூரையைப் பணயம் வைப்பதில் நான் நியாயம் காணவில்லை.

அப்படியும் வளர்க்க விரும்பினால் கையெழுத்து வைக்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை செடி, எந்த அறை, ஈரக் காற்று எங்கே போகும், ஹைட்ரோ யார் கட்டுவது, காப்புறுதிக்கு யார் அறிவிப்பது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர வீட்டுக்காரர் தயங்கினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.