கடைசிப் பகல்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கரையோரத்துப் பேச்சே மாறிவிடும். கடலூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதைக் கேட்கலாம். அரசியலும் சினிமாவும் பின்னுக்குப் போய்விடும். "அந்தமான்கிட்ட ஒண்ணு இருக்காமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்து, நீலமும் சிவப்புமாகச் சுழலும் படத்தைக் காட்டுவார். ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்கிறது, அமெரிக்க மாடல் வேறொன்று சொல்கிறது என்று, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் விளக்குவார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. காற்றை நம்பிப் படகை இறக்குகிறவர் அந்தப் படத்தைப் பார்க்காவிட்டால்தான் ஆச்சரியம்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதெல்லாம் வானொலி வழியாகத்தான் வந்தது. மாநிலச் செய்திகள் முடியும் தறுவாயில், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத் தெருவே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னை வானிலை மையத்தின் ரமணன் திரையில் தோன்றி, பதற்றமில்லாத குரலில், நிலைகொண்டுள்ளது, நகரக்கூடும் என்று சொன்னால் பிள்ளைகள் பள்ளி விடுமுறையைக் கணக்குப் போடுவார்கள், பெரியவர்கள் அரிசியைக் கணக்குப் போடுவார்கள். இப்போது செயற்கைக்கோள் படம் அரை மணிக்கொரு தரம் உள்ளங்கைக்கே வந்துவிடுகிறது. விவரம் பெருகிவிட்டது. நம் தயார்நிலையும் அதே அளவு பெருகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு புயல் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு போதை உண்டு. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. பிறகு தாழ்வு மண்டலம். காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்தவுடன் ஊருக்கே அது தெரிந்த ஆளாகிவிடும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். "எத்தனாம் நம்பர் ஏத்திருக்காங்க?" என்பது எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பதற்கு அடுத்த கேள்வி. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மிரட்டல். 5 முதல் 7 வரை ஆபத்து. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 5 என்றால் புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் தலைக்கு மேலேயே அல்லது மிக அருகில். 8, 9, 10 இதே வரிசையில் பேராபத்து. கடைசியாக 11 என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். கூண்டு முறையை வகுத்தவர்கள் காற்றைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை, சொல்ல ஆள் இல்லாமல் போகும் நேரத்தையும் யோசித்திருக்கிறார்கள்.

இடப்பக்கம் வலப்பக்கம் என்பது வெறும் கணக்கு அல்ல. நம் பகுதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே வந்து கரையேறும்போது, மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். கடல்நீரை ஊருக்குள் தள்ளுவது அந்தக் காற்றுதான். தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அங்கே கடல் உள்வாங்கும். ஒரே புயல், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஓர் ஊருக்குத் தண்ணீரையும் இன்னோர் ஊருக்குச் சேற்றுத் தரையையும் காட்டும்.

ஆனால் அந்த மையம் எங்கே வரும் என்பதைப் பிடித்த பிடியில் சொல்ல முடியுமா? 2018-இல் கஜா கடலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் வட தமிழகம், தென் ஆந்திரக் கரை என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். கடைசியில் நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறியது. 2024-இல் ஃபெஞ்சல் புயலாக மாறுவதே சந்தேகம் என்ற நிலை ஒரு கட்டத்தில் இருந்தது. பிறகு வலுத்து, நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடந்த இடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த சில நாட்களில் கடலே கண்ணில் படாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவண்ணாமலையில் மண்சரிவு உயிர்களை வாங்கியது. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்ன தாய்மாமன் மாதிரிதான் புயல். எந்த பஸ்ஸில் வந்து எந்த வாசலில் இறங்குவார் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இதை வானிலைத் துறையின் குறையாக நான் பார்க்கவில்லை. ஒரு நாள் முன்னால் சொல்லும் பாதையில்கூடப் பல பத்து கிலோமீட்டர் விலகல் இருப்பது அந்த அறிவியலின் இயல்பு. வரைபடத்தில் கோட்டைச் சுற்றி அகலமாக ஒரு பகுதியைத் தீட்டிக் காட்டுவதே அதற்காகத்தான். நாம்தான் நடுக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "நமக்கு இல்ல, அவங்களுக்குத்தான்" என்று மூச்சுவிடுகிறோம்.

என் கட்சி வேறு. முன்னறிவிப்பு நமக்குத் தரும் பெரிய கொடை இடம் அல்ல, நேரம். எந்த ஊர் என்பதில் பிசகினாலும் எந்த இரவு என்பதில் அவர்கள் பெரும்பாலும் பிசகுவதில்லை. இரவு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில்தான் தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் மறைந்ததும் அந்த இருட்டில்தான். 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறியது, ஆனால் அடித்தது முழு இரவும். கஜா, நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் எல்லாம் இருட்டிய பிறகு கரையைக் கடந்தவை. பட்டப்பகலில் சென்னையைத் தாக்கிய வர்தா விதிவிலக்கு. ஆகவே எங்கள் கரையில் புயலுக்கான கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். இன்ன இரவு வருகிறது என்றால், அதற்கு முந்தைய பகல்தான் கடைசிப் பகல். சொல்லப்போனால் அதிலும் மத்தியானம் வரைதான். அதற்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், பஸ் ஓடாது.

அந்தப் பகலில் கரையைப் பார்க்க வேண்டும். படகுகளை ஆற்று முகத்துவாரத்துக்குள் கொண்டுபோய், ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். ஃபைபர் படகுகளை டிராக்டரில் கயிறு கட்டி மேட்டுக்கு இழுப்பார்கள். எஞ்சினும் வலையும் தனியாகத் தெருவுக்குள் வந்துவிடும். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் இந்த வேலையில் யாரையும் நின்று பேச விடமாட்டார். "பொழுதோட ஏத்திடணும் தம்பி. இருட்டுல கயிறு எங்க, காலு எங்கன்னு தெரியாது" என்பார். எந்த ஊரில் கரையேறும் என்று அவரிடம் கேட்டால், பதில் சொல்லாமல் கயிற்றை நம் கையில் கொடுத்துவிடுவார்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேறு வேலை. முற்றிய காயையும் கீழடுக்கு மட்டையையும் இறக்கித் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும், மண் இளகினால் வேர்ப்பிடி போய்விடும். இதெல்லாம் செய்தும் கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகப் படுத்தன என்பதும் உண்மை. தானே பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் அப்படித்தான் சாய்த்தது. மரத்தைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. மரத்தடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதையாவது செய்ய வேண்டும்.

வீட்டு வேலைகள் சின்னவை, ஆனால் அவற்றுக்கு வரிசை உண்டு. மின்சாரம் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், காலித் தொட்டி காற்றில் பறக்காமலும் இருக்கும். மொட்டை மாடியில் கிடக்கும் தகரத்தையும் பூந்தொட்டியையும் கீழே இறக்க வேண்டும், காற்றில் அவை அடுத்த வீட்டின் ஜன்னலைத் தேடிப் போகும். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு முடிந்து, எடுத்துக்கொண்டு கிளம்பத் தோதாக வைக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு வாங்கிவிட வேண்டும். மெழுகுவத்தியையும் பால் பவுடரையும் யாரும் சொல்லாமலே வாங்கிவிடுகிறார்கள். மாத்திரைதான் மறந்துபோகிறது. நிறைமாதமாக இருக்கும் பெண்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை ஆட்களை நகர்த்துவது. என் பெரியம்மா ஓட்டு வீட்டைவிட்டு அசையமாட்டார். "நான் எத்தன பொயல பாத்தவ தெரியுமா? எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ போய்ப் புள்ளைங்கள பாரு" என்பார். அதைத் துணிச்சல் என்றோ பிடிவாதம் என்றோ நான் நினைப்பதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் உண்மையான காரணம் வெளியே வரும். "மாட்ட யாரு பாப்பா?" மாட்டையும் கன்றையும் மேட்டுப் பக்கம் ஓட்டி, கயிற்றை அவிழ்த்துவிட்டோம் என்று சொன்னால் பாதி இறங்கி வருவார். மீதிப் பாதி, போகிற இடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா என்பது. முகாம்களுக்கு மக்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒலிபெருக்கி மிரட்டுவதைவிட, கொட்டகையும் கழிப்பறையும் அதிகம் பேரை நகர்த்தும்.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அப்போது செய்வதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நேர்பாதையில் இருக்கும் ஊரில் முதலில் வாடை அடிக்கும். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கும். புயலின் கண் மேலே நிற்கிறது என்று பொருள். முடிந்தது என்று நினைத்து, மாட்டைப் பார்க்கவும் கூரையைப் பார்க்கவும் வெளியே போகிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து சோழகம் கிளம்பும். வாடைக்குத் தாக்குப்பிடித்து நின்ற மரமும் சுவரும் எதிர்ப்பக்க அடியில் சாய்ந்துவிடும். அமைதி வந்ததும் உள்ளேயே இருப்பதுதான் அந்த இரவின் ஒரே வேலை.

நேரம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒக்கி இருக்கிறது. 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே கன்னியாகுமரிக்கு அருகே புயலாகிவிட்டது. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எட்டும்படியான தகவல் வழி அப்போது இல்லை. பலர் திரும்பவே இல்லை. கிடைத்த நேரத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசா இருக்கிறது. 1999 அக்டோபரில் வந்த சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள், இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. காற்று அங்கே கருணை காட்டவில்லை. ஆட்கள் நேரத்தோடு கிளம்பினார்கள், போய்ச் சேர உறுதியான கட்டடங்கள் இருந்தன.

இவ்வளவும் செய்துவிட்டு, புயல் வராமல் போனால்? அடிக்கடி போகும். 2016 டிசம்பர் தொடக்கத்தில் நாடா என்ற புயல் கரைக்கு வரும் முன்பே வலுவிழந்தது. "பூச்சாண்டி காட்டுறானுங்க" என்று பலர் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து வர்தா வந்து சென்னையின் மரங்களைப் பிடுங்கிப் போட்டது. வராத புயலுக்குக் கட்டிய கயிறு வீண் போவதில்லை. எந்த முடிச்சு நிற்கும், எந்தப் பெட்டியில் பட்டா இருக்கிறது, பெரியம்மாவை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அந்த வராத புயல்களில்தான் தெரிய வருகின்றன.

அடுத்த முறை அந்தச் சுழலும் படம் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, எங்கே என்று பார்ப்பதற்கு முன் எப்போது என்று பாருங்கள். அதற்கு முந்தைய பகலில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யாரென்று உங்களுக்கே தெரியும். அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.