மேடவாக்கத்தில் தினமும் குலுக்கல்!

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை போட்டது 2003-ல். மேடவாக்கத்தில் மட்டும் குலுக்கல் இன்றும் தினசரி நடக்கிறது. டிக்கெட் வேண்டாம், கார் இருந்தால் போதும்!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிறவர்கள் தப்பித்தார்கள். 2022-ல் திறந்த மேம்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு ஜம்மென்று தூக்கிக்கொண்டு போய்விடும். யோகமெல்லாம் பாலத்துக்குக் கீழே. மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலை, மழைக்குப் பிறகு ஒட்டுப்போட்ட தார், தெருவுக்குத் தெரு வேகத்தடை... ‘மேடு’ ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பள்ளம் இலவச இணைப்பு!

என்னுடைய பழைய காரை இந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். பானெட் மூலையை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கி, கையை எடுத்தார். வண்டி தஞ்சாவூர் பொம்மை மாதிரி நாலு தரம் தலையாட்டியது.

“ஷாக் அப்சார்பர் போச்சு சார்.”

“ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு?”

“ஸ்பிரிங் வெயிட்டைத் தாங்கும் சார். ஆட்டத்தை நிறுத்தாது.”

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், ஸ்பிரிங் ஒரு பேங்க். பள்ளத்தில் விழுந்து நாம் டெபாசிட் செய்ததை அப்படியே திருப்பித் தரும். அதனால்தான் வண்டி எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். ஷாக் அப்சார்பர்தான் அந்தக் கணக்கை முடித்து வைக்கிறது. எண்ணெய் நிரம்பிய குழாய், உள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள், வால்வுகள். சக்கரம் குதித்தால் பிஸ்டன் நகரும். எண்ணெய் துளை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். மெதுவாக அழுத்தினால் வழி விடும். வேகமாக இடித்தால் முரண்டு பிடிக்கும். சாயங்காலம் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஐம்பது டூவீலர்கள் ஒரே சந்தில் நுழையுமே, அதே கதைதான்! அந்த நெரிசலில் குலுக்கல் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது.

“முதுகுதானே சார் வலிக்குது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்பவர்கள் நம்மில் அதிகம். மெக்கானிக் சொன்ன அடுத்த வார்த்தைதான் சுருக்கென்றது: “டயர் தரையில இருந்தாத்தான் சார் பிரேக்கு!”

வாஸ்தவம். ஷாக் போன வண்டியில் மேடுபள்ளத்தில் டயர் குதித்துக்கொண்டே ஓடும். தரையை விட்டு எழும்பிய நொடியில் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் பிரயோஜனம் இல்லை. வண்டி நிற்க இன்னும் சில அடி கூடுதலாகத் தேவைப்படும். பாலத்தடியில், பஸ்ஸைப் பிடிக்க ஸ்கூல் பையோடு ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவருவது அந்தச் சில அடிக்குள்தான்.

குழாயில் எண்ணெய்க் கசிவு, டயர் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்வது, பிரேக் போட்டால் மூக்கு தரையைத் தொடப் போவது - இவை அறிகுறிகள். மாற்றினால் இடது, வலது ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதுசு என்றால் வண்டி ஒத்துழைக்காது.

ரோடு போடுவது நம் கையில் இல்லை. பானெட்டை அமுக்கிப் பார்ப்பது நம் கையில்தான். ஒரு தரம் எழுந்து அடங்கினால் உங்கள் காருக்கு ஆயுசு கெட்டி. மூன்று தரம் தலையாட்டினால்..? “நான் போய் வரேன்” என்று அர்த்தம்!